ஏணிவண்டியும் ஏறுவானும்

மரம் நடுதல் நல்லறம் என்பதை இன்று மறுப்பார் இலர். கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் யாதொரு விழா நிகழினும் மரக்கன்று ஒன்று நடப்பெறாது அவ்விழா நிறைவெய்துவதில்லை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நம் மாநில அரசினர் 'பசுமைத் தமிழ்நாடு இயக்கம்' என்னும் பெயரால், காடும் மரமும் செறிந்த பரப்பை மொத்த நிலத்தில் நூற்றுக்கு 33 பங்காக உயர்த்தக் கருதித் தொடங்கிய பெருமுயற்சியும் யாவரும் அறிந்ததே. ஆயின் நட்ட கன்று நாற்பது யாண்டு வளர்ந்து, மாடிக்கு மேலும் மின்கம்பிக்கு மேலும் கிளை பரப்பி நிற்குங்கால், அதனைப் பேணுவார் யாவர், பேணும் முறை யாது என எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலர். நடும் நாளில் கூடி நிற்கும் கூட்டம் கிளை கழிக்கும் நாளில் கூடுவதில்லை. யாம் குடியிருக்கும் கே.கே. நகரில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு வேலையையும், அது பற்றி யாம் கண்டும் கேட்டும் கற்றும் தெளிந்தனவற்றையும், இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எம் போன்ற பழைய மாணவர்க்கும் பயன்படலாம் என்னுங் கருத்தால் ஈண்டு வரையப் புகுகின்றோம்.

கே.கே. நகர் திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பாகத்தே, விமான நிலையத்திற்கு அணித்தாய் அமைந்த குடியிருப்பு. திருவரங்கத்தைப் போலக் காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்து தென்னையும் வாழையும் தாமே தழைக்கும் நிலம் அன்று இது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெம்மை 40 பாகை செல்சியசைக் கடக்கும் இந்நகரில், வீதியோரத்து வேம்பும் புங்கும் தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையுமே எமக்குக் குடையாகின்றன. இவற்றுள் தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளினின்றும் வந்தது. விரைந்து வளரும், குடைபோற் கவியும், மாலையில் இலை கூம்பும். ஆயின் அதன் கிளைகள் நீளத்திற்கேற்ற வலிமை உடையன அல்ல. கோடைமழைக்கு முன் வீசும் பெருங்காற்றில் நீண்டதொரு கிளை முறிந்து வீழ்வது புதுமையன்று.

அவ்வாறே எங்கள் வீதியிலும் நிகழ்ந்தது. ஏறக்குறைய அறுபதடி உயர்ந்த தூங்குமூஞ்சி ஒன்றின் கிளை, நள்ளிரவில் முறிந்து எதிர்வீட்டு வண்டிக்கொட்டகையின்மேல் வீழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. எனினும் மறுநாட் காலையே வீதியார் இரு கட்சியாயினர். அடியோடு வெட்டுதல் வேண்டும் என்றனர் ஒரு சாரார்; கிளை கழித்தால் அமையும் என்றனர் மற்றொரு சாரார். வெட்டுக என்றாரை யாம் குறை கூறோம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையை 'வர்தா' புயல் தாக்கியபோதும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'கஜா' புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்து தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களைப் பாழ்படுத்தியபோதும் வீழ்ந்த மரங்களைக் கண்டவர்க்கு அச்சம் உண்டாதல் இயல்பே. கொட்டகை நொறுங்கியவர் எம்மை நோக்கி, "உங்க வீட்டுக் குழந்தைங்க படுக்கிற அறைக்கு மேல அந்தக் கிளை இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று வினவினார். அவ்வினாவுக்கு மரத்தின் பெருமையை விரித்துரைத்தல் விடையாகாது. கிளையின் அபாயத்தை நீக்கிக் காட்டுதலே விடையாகும்.

பொதுநிலத்து மரங்களை வெட்டுவதை ஆராய்ந்து இசைவளித்தற்கென 2021-ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் பசுமைக்குழு அமைக்கப்பெற்றமையின், அடியோடு வெட்டுதல் ஒருநாட் காரியமன்று. ஆதலின் முதற்கண் கிளை கழிப்பதென முடிவாயிற்று. இனி, கழிப்பது எங்ஙனம் என்பதே கேள்வி. மின்தடை அறிவிக்கப்பட்டதொரு நாளைத் தேர்ந்து, மரமேறும் தொழிலாளர் ஒருவரையும், வாடகைக்கு ஓர் ஏணிவண்டியையும் வருவித்தனர்.

மரமேறுதல் தமிழ்நாட்டிற்குப் புதிய கலையன்று. காலில் தளைநார் பூட்டி, முருக்குத்தடி சார்த்திப் பனையேறுவாரும், தளைக்கயிற்றின் துணையால் தென்னையேறுவாரும் இந்நாட்டில் தொன்றுதொட்டு உளர். கேரளத்துக் கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரியைச் சார்ந்த ஜோசப் என்பார் அமைத்த கருவியும் இன்று பலரால் கையாளப்படுகின்றது. இரு காலுக்கும் இரு இரும்புச் சட்டங்களை மரத்தைச் சுற்றி மாட்டி, ஒன்று மாற்றி ஒன்றை உயர்த்தி ஏறும் அக்கருவியால் தென்னையேறுதல் எளிதாயிற்று. ஆயின் பனையும் தென்னையும் கிளையில்லா மரங்கள். ஏறுவான் தண்டைவிட்டு அகலவேண்டுவதில்லை. தூங்குமூஞ்சியோ கிளை பலவாய் விரிவது. அதில் ஏறுவதினும் கிளைவழியே நுனிநோக்கிச் செல்வதே அரிது. கொம்பின் கடைசிவரை சென்றவன் அதற்கும் அப்பால் செல்ல முனைந்தால் உயிரிழப்பான் என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக வைத்தமை, அவ்வுண்மை அந்நாளிலேயே யாவரும் அறிந்ததொன்று என்பதைக் காட்டுகின்றது.

எங்கள் வீதிக்கு வந்த ஏறுவார் ஐம்பது வயது கடந்தவர், மெலிந்த உடலினர், முப்பது யாண்டாக இத்தொழிலே செய்பவர். அவருடன் அரிவாளும் கைவாளும் தடித்த தாம்புக்கயிறு ஒன்றும் வந்தன. கயிற்றைக் கண்டு, இடுப்பிற் கட்டிக்கொள்வதற்கோ என வினவினோம். அவர் நகைத்து, "ஐயா, கயிறு கிளைக்குத்தானுங்க. வெட்டுன கிளை சுவத்து மேல விழுந்தா வீட்டுக்காரங்க கூலியில பிடிச்சுக்குவாங்க. ஆளுக்கு ஏதுங்க கயிறு?" என்றார். பின்னர்ப் பேச்சினிடையே, தம் தமையனார் பல யாண்டுகட்கு முன் ஒரு வீட்டு வேம்பினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, இன்றளவும் படுக்கையினராய் இருப்பதைச் சொன்னார். வீட்டார் ஒரு தொகை கொடுத்தனர். அத்துடன் அவர் கடமை முடிந்தது. தமையனும் தம்பியும் தொழிலாளர் வாரியம் எதிலும் பதிவு செய்யப்பெறாதவர். சுவரைக் காத்தற்குக் கயிறும், அக்கயிற்றைக் கட்டுவானைக் காத்தற்கு யாதுமின்மையும் எம் நெஞ்சை உறுத்தின.

நிற்க. ஏணிவண்டி என்பது யாது? தெருவிளக்குப் பழுது பார்ப்போர் ஏறி நிற்கும் கூண்டுவண்டியே அது. 'ஸ்கை லிப்டு' என்றும் வழங்குவர். லாரியின்மேல் சுழலும் பீடம். அப்பீடத்தினின்று எழும் மூட்டுடைய இரும்புக் கை. கையின் நுனியில் ஒருவரோ இருவரோ நிற்குங் கூண்டு. லாரி எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெயை அழுத்த, அவ்வழுத்தம் உருளைகளில் உள்ள தண்டுகளைத் தள்ளிக் கையை உயர்த்துகின்றது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்துச் செலுத்திய அழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியே, இங்கு ஒரு மனிதனை நாற்பதடி உயரத்திற்குத் தாங்குகின்றது. இவ்வகைக் கூண்டு வட அமெரிக்கப் பழத்தோட்டங்களில் தோன்றியது. கலிபோர்னியரான ஜே ஐட்டல் என்பார் 1944-ஆம் ஆண்டில் செர்ரிப்பழம் பறித்தற்கு ஏணியொடு போராடிச் சலித்து இதனை அமைத்தார் என்பர். ஆங்கிலம் பேசுவோர் இன்றும் இதனைச் செர்ரி பறிப்பான் என்று பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர்.

ஏணிவண்டியைக் கண்டதும் வீதியார் பலரும், இனி மரமேறுவான் எதற்கு எனக் கருதினர். முதல் ஒரு நாழிகை அக்கருத்து மெய்யெனவே தோன்றியது. வீதிப்பக்கத்துக் கிளைகளின் நுனியைக் கூண்டிலிருந்தவர் விரைவாகக் கழித்தனர். முறிந்து பாதி தொங்கிய பட்டகிளை ஒன்றும் இருந்தது. அதன்மேல் எவரும் கால்வைத்தல் இயலாது. கயிறு பூட்டினும் கயிற்றைத் தாங்கும் கவடே ஐயத்திற்கு இடமானது. மரத்தின்மேல் சிறிதும் பாரம் சாராது நிற்கும் கூண்டே அதற்கு ஏற்றது. உலர்ந்த மரத்திலும் உளுத்த மரத்திலும் ஏறுவானை ஏற்றுதல் கொலைக்கு ஒப்பாகும் என்பதை அன்று நேரிற் கண்டோம்.

ஆயின் கொட்டகைக்கு மேல் நீண்ட பெருங்கிளை வீட்டின் பின்புறத்துச் சந்தின்மேல் வளைந்து சென்றது. அச்சந்தில் மிதிவண்டி புகும், லாரி புகாது. வீதியில் நின்று கையை நீட்டினாலோ, நடுமரத்தின் கிளைச் செறிவு தடுத்தது. வண்டியோட்டி, "அடியிலேயே வெட்டி விட்ருவோம் சார், அது எட்டும்" என்றார். அவ்வாறு செய்திருப்பின் மரத்தின் ஒருபாதி குறையுற்று, மறுபாதியின் பாரம் வீதிப்பக்கம் சாய்ந்திருக்கும். தண்டில் இரண்டடி அகலப் புண்ணும் உண்டாயிருக்கும்.

இவ்விடத்தே யாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. நிற்குமிடமே வெட்டுமிடத்தை விதிக்கின்றது. கயிறின்றி ஏறுவான் கால் ஊன்றத் தக்கது கிளையின் அடியே ஆதலின், அங்கேயே நின்று அங்கேயே வெட்டுகின்றான். கூண்டில் நிற்பான் கூண்டு எட்டுமிடத்தில் வெட்டுகின்றான். மரத்திற்கு எவ்விடத்து வெட்டு நலம் என்பதை இருவரும் கேட்பதில்லை. நம் வீதிகளில் மொட்டையாயும் ஒருபக்கமாயும் நிற்கும் மரங்கள் பலவும் இவ்வாறு வெட்டுண்டனவே. வெட்டினார் வன்னெஞ்சர் அல்லர், அவர்க்கு நிற்க வேறு இடமில்லை.

எங்கள் வீதி இளைஞர் ஒருவர் கல்லூரித் தேசிய மாணவர் படையில் மலையேறும் பயிற்சி பெற்றவர். அவர் தம்மிடமிருந்த வார்க்கச்சையையும் நைலான் கயிற்றையும் கொணர்ந்தார். இடுப்பையும் தொடையையும் தழுவும் அக்கச்சையை அணிய முதியவர் முதலில் இசைந்திலர். "இடுப்பைக் கட்டிப்புட்டா கை ஓடாதுங்க தம்பி" என்றார். இளைஞர் தாமே அணிந்து தாழ்ந்ததொரு கிளையில் தொங்கிக் காட்டிய பின்னரே இசைந்தார். அதன்பின் ஏணிவண்டி ஓர் அரிய உதவி செய்தது. கூண்டில் எழுந்த இளைஞர், பெருங்கிளைக்கு மேலே உறுதியாய் நின்ற பச்சைக் கவட்டைத் தட்டியும் நோக்கியும் தேர்ந்து, அதில் கயிற்றை மாட்டினார். மேல்நாட்டு மரத்தொழிலாளர் இதனை, மெல்லிய நூல் கட்டிய சிறு பையைக் கீழிருந்து எறிந்து, அந்நூலால் கயிற்றை இழுத்துச் செய்வர். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிச்சைப் போன்று, பாரம் ஏறின் இறுகுவதும் கையால் நகர்த்தின் நழுவுவதுமான முடிச்சொன்றால் தம்மைக் கயிற்றில் பிணைத்துக்கொள்வர். வெட்டுங்கால் வாள் தவறிக் கயிற்றில் படுதலும் கூடுமாதலின், இரண்டாவது கயிறொன்றும் பூட்டுவர்.

முதியவர் கயிற்றில் சாய்ந்து, கிளையின்மேல் ஓரடி ஓரடியாக வெளிநோக்கி நடந்தார். பாரத்தைக் கயிறு தாங்க, கிளையைக் கால் தொட்டு மட்டும் நின்றது. நுனிக்கு அணித்தாய்ச் சென்று நின்றவர் கீழே நோக்கி, "முப்பது வருசத்துல இந்த இடத்துக்கு நான் வந்ததே இல்லீங்க" என்றார். கிளையின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறிது சிறிதாய்க் குறைக்கப்பட்டது. கிளை தன் இடத்திலேயே நின்றது. நெம்புகோல்போல் அதனை முறிக்கவல்ல நுனிப்பாரம் நீங்கியது.

எவ்விடத்து வெட்டுதல் வேண்டும் என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி விளக்கியுள்ளது. அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து, உள்ளே அழுகல் பரவும் வழியை ஆராய்ந்தார். மரத்தின் புண் நம் தோலின் புண்போல் ஆறுவதில்லை. புண்பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர்களை எழுப்பி, அதனை உள்ளே அடைத்துவிட்டுப் புறத்தே புதிதாய் வளர்கின்றது என்பதை அவர் நிறுவினார். கிளை தண்டொடு சேருமிடத்தில் வளையம்போல் தடித்த பகுதி ஒன்று உண்டு. அதனைக் கிளைக்கழுத்து எனலாம். அக்கழுத்தை அறாது, அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் விரைவில் மூடும். தண்டொடு ஒட்ட வழித்து வெட்டினால் தடுப்புச் சுவர் அழியும். முழநீளக் கட்டை விட்டு வெட்டினால் அக்கட்டை உளுத்து அழுகலை உள்ளே அழைக்கும். பெருங்கிளையாயின், முதலில் ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின் அதற்கு அப்பால் மேற்புறம் அறுத்துக் கிளையை வீழ்த்தி, இறுதியில் கழுத்தருகே கட்டையை நீக்குவர். பட்டை உரிந்து தண்டைக் கிழிக்காமைப் பொருட்டு இம்மூன்று வெட்டு. வெட்டுவாயில் தார் பூசும் பழக்கமும் அழுகலைத் தடுப்பதில்லை என்பது தெளிந்த முடிபு. தலையை முழுதும் கொய்துவிட்டாலோ, அங்கே தோன்றும் புதுத்தளிர்கள் மேற்பரப்பில் மட்டும் பற்றி, சில யாண்டில் முன்னையினும் எளிதாய் முறியும்.

ஏணிவண்டியும் அபாயமற்றதன்று. வண்டியைத் தாங்கும் ஊன்றுகால்கள் நான்கும் திண்ணிய நிலத்தில் ஊன்றல் வேண்டும். பாதாளச் சாக்கடைக்காக வெட்டி மூடிய மண் மேலே தார் பூசப்பட்டிருப்பினும் உள்ளே இளகியிருக்கும். அன்று ஊன்றுகால் ஒன்று அரையடி அமிழ்ந்ததைக் கண்டு, வண்டியைப் பெயர்த்துத் தடித்த பலகைகளின்மேல் நிறுத்தினர். கூண்டில் நிற்பானும் கச்சையணிந்து கூண்டின் பிடியில் கயிறு பூட்டல் வேண்டும். கை குலுங்கின் அவன் கவண்கல்போல் எறியப்படுவான். இத்தகைய கூண்டுகள் பலவற்றிற்கு வினாடிக்கு 12.5 மீட்டர் வேகக் காற்றே எல்லையென ஆக்கியோர் வரையறுத்துள்ளனர். யாவற்றினும் கொடியது மின்சாரம். காப்புச் செய்யப்படாத இரும்புக் கை 11,000 வோல்ட் கம்பியைத் தீண்டின் வண்டி முழுதும் மின்னேறும். கூண்டில் நிற்பான் பிழைப்பினும், தரையில் நின்று வண்டியைத் தொட்டவன் மாய்வான். ஆதலின் மின்தடை அறிவிப்பு ஒன்றையே நம்பாது, மின்வாரியத்தார் தடையை உறுதி செய்த பின்னரே அருகில் செல்லல் முறை.

பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் உயரவேலை விதிகள் இவற்றிற்கு ஒரு வரிசை வகுத்தன. உயரே செல்லாது முடிக்கத்தக்க வேலையைக் கீழிருந்தே முடித்தல் முதலது. செல்லவேண்டின் தடுப்புடைய மேடையில் நின்று செய்தல் அடுத்தது. அதற்கும் வழியில்லையேல் கயிறும் கச்சையும் பூண்டு செய்தல் அதற்கு அடுத்தது. இவ்வரிசையில் கயிறின்றி ஏறுதல் என்பதற்கு இடமே இல்லை. நம் நாட்டிலோ அதுவே முதலாவதும் முடிவாவதுமாய் உள்ளது.

இயந்திரம் வந்தால் ஏறுவான் பிழைப்பு என்னாம் என்பார்க்கு எம் விடை இது. அன்றைய வேலையில் கூண்டால் எட்டியது ஏறக்குறைய பாதி. எஞ்சியது ஏறுவானால் முடிந்தது. கயிற்றைக் கவட்டில் மாட்டியதோ இரண்டும் கூடியே முடிந்தது. கிளையின் உள்வெடிப்பையும், பொந்தையும், அப்பொந்தில் இருந்த கிளிக்கூட்டையும் முதியவரே கண்டு விலக்கினார். கூண்டிலிருந்து அவை தோன்றவில்லை. ஏணிவண்டியின் ஒருநாள் வாடகை முதியவரின் பலநாட் கூலிக்கு மேற்பட்டது. அவ்வாடகையை முகஞ்சுளியாது கொடுத்த எம் வீதியார், கச்சைக்கும் கயிற்றுக்கும் ஒரு தொகை சேர்ப்போம் என்றபோது முதலில் தயங்கினர். பின்னர்க் கொட்டகை இழந்தவரே முதற்பங்கு கொடுத்தார். அக்கச்சை இப்போது முதியவரிடம் உள்ளது. அதனை அணிந்து வரின் நேரம் ஆகின்றது என்று கூலி பேசுவோர் கடிந்துகொள்வதாகவும், தாம் எனினும் அணிவதாகவும் பின்னொருநாள் சொன்னார்.

மரம் இன்றும் நிற்கின்றது. இவ்வாண்டுச் சித்திரைக் காற்றில் சுள்ளிகளன்றி வேறொன்றும் வீழ்ந்திலது. ஒரு காற்றைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. இரண்டு மூன்று யாண்டுக்கொருமுறை நோக்கி ஆவன செய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நம் நகரத்துத் தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் அருட்டிரு மாத்யூ அவர்கள் நிறுவிய ராபினாட் தாவரக் களஞ்சியத்திற்குச் சென்றால், இந்நாட்டு மரஞ்செடிகொடிகளின் பெயரும் குலமும் கற்கலாம். பெயரறிந்த மரத்தைப் பேணும் தொழிலும் கற்றற்கு உரியதே. நம் கல்லூரி வளாகத்திலும் முதிர்ந்த மரங்கள் பல உள. தாவரவியல் பயில்வார் கிளைக்கழுத்தைக் காட்டவும், பௌதிகம் பயில்வார் கிளையின் பாரத்தைக் கணக்கிடவும், மாணவர் படையினர் கயிற்று முடிச்சைக் கற்பிக்கவும், ஏறுந்தொழிலாளர் தம் முப்பது யாண்டு அறிவை நமக்கு ஓதவும் ஒரு நாளேனும் ஒதுக்குதல் நன்று. அந்நாளில் வரும் தொழிலாளர்க்கு இருக்கையும், ஆசிரியர்க்குரிய மதிப்பும், முழுநாட் கூலியும் அளித்தல் நம் கடன். அடுத்தமுறை நும் வீட்டு மரத்தில் ஒருவர் ஏறப் புகுவாராயின், கூலி எவ்வளவு எனக் கேட்குமுன், அவர் இடுப்பிற் கயிறு உளதா என நோக்குமின்.